அரண்மனையும் பேட்டையும்

சென்னைச் சேப்பாக்கத்தில் ஆர்க்காட்டு நவாபுகள் வாழ்ந்த அரண்மனையின் ஒரு பகுதியாகிய ஹுமாயூன் மஹாலைப் பொதுப்பணித் துறையினர் செப்பனிட்டதையும், அதில் விடுதலைப் போராட்ட அருங்காட்சியகம் அமைக்க முடிவு செய்த தமிழக அரசு, அக்காலத்துப் பொருள்களைத் தந்துதவுமாறு பொதுமக்களைக் கேட்டுக்கொண்டதையும் வாசகர்கள் அறிவார்கள். கூரை வீழ்ந்து, சுவரில் ஆலும் அரசும் முளைத்துக் கிடந்த மாளிகை அது. சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் கூட்டிய பழைய சாந்தைக் கொண்டே அதனை எழுப்பி நிறுத்தியவர்களைப் பாராட்டாமல் குறைகூறப் புகுவது முறையாகாது. பாராட்டிவிட்டே நம் ஐயங்களைச் சொல்கிறோம்.

செய்யாற்றங்கரை மாகறலில் இருந்துகொண்டு சேப்பாக்கத்து அரண்மனைக்காகக் கவலைப்படுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். அந்த அரண்மனைக்கும் நம் காஞ்சிச் சீமைக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. காஞ்சிபுரத்தை உள்ளிட்ட செங்கற்பட்டுச் சீமையை 1763ஆம் ஆண்டில் நவாபு முஹம்மது அலி வாலாஜா கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராக அளித்தார். 1767இல் தாமஸ் பர்னார்டு என்னும் கும்பினிப் பொறியாளர் அந்த ஜாகீரின் ஊர்களை ஒவ்வொன்றாக அளந்து எழுதத் தொடங்கி, 1774 வரை அந்த வேலையில் இருந்தார். வீடு எத்தனை, ஏரி எத்தனை, விளைச்சலில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் அந்த அளவையில் ஏறின. இடையில், 1768இல், சேப்பாக்கத்தில் அரண்மனை எழுந்தது. நம் பக்கத்து வயலும் வாய்க்காலும் கும்பினியின் கணக்கில் ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நவாபு தம் ஆர்க்காட்டை விட்டுக் கும்பினிக் கோட்டையின் பீரங்கிகளுக்கு அருகில் குடிவந்தார் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

அரண்மனையைக் கட்டியவர் பால் பென்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இதே பென்ஃபீல்டுதான் பின்னாளில் நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களில் முதல்வராக நின்றார். ‘ஆர்க்காட்டு நவாபின் கடன்’ இலண்டன் பாராளுமன்றம் வரை போய், 1785இல் எட்மண்டு பர்க் அதைப்பற்றி நீண்டதோர் உரை நிகழ்த்த வேண்டியதாயிற்று. வீடு கட்டிக் கொடுத்தவனே கடன்காரனாய்த் திண்ணையில் வந்து உட்கார்ந்த கதை நம் ஊர்களிலும் உண்டு. ஒரு நாட்டின் அளவில் அது நடந்ததைச் சேப்பாக்கத்தில் காணலாம்.

இனி நம் ஐயத்திற்கு வருவோம். அரபு மொழியில் ‘இமாரத்’ என்று ஒரு சொல் உண்டு. கட்டிடம் என்றே நாம் அதைப் பொருள்கொண்டு பழகிவிட்டோம். இறைவனின் பள்ளிவாசல்களை இமாரத் செய்வோர் யார் என்று திருமறையின் தவ்பா அத்தியாயம் பேசுமிடத்தில், விரிவுரையாளர்களாகிய இமாம்கள் அச்சொல்லுக்கு இரு பொருள் கூறினார்கள். சுவர் எழுப்புவதும் இடிந்ததைச் செப்பனிடுவதும் ஒன்று. அவ்விடத்தில் மக்கள் கூடி, தொழுதும் ஓதியும் அதனை உயிரோடு வைத்திருப்பது மற்றொன்று. இரண்டாவதே சிறந்தது என்றவர்களும் உண்டு. இதற்கு எதிர்ச்சொல் ‘கராப்’. பள்ளிகளைக் கராப் ஆக்க முயல்வோரைப்பற்றிப் பகரா அத்தியாயம் கூறுகிறது. இடித்துத் தள்ளுவதும் கராப். சுவர் சேதமின்றி நிற்க, உள்ளே வருவாரைத் தடுப்பதும் கராப். நம் தமிழும் இதற்குச் சளைத்ததன்று. ‘பாழ்’ என்னும் சொல்லுக்கு இடிபாடு என்றும் பொருள், வெறுமை என்றும் பொருள். அரபியும் தமிழும் இவ்வளவு நெருங்கி வந்து ஒரே கருத்தைச் சொல்லுமிடங்கள் அதிகம் இல்லை.

இந்த அளவுகோலை வைத்துத்தான் சேப்பாக்கத்தைப் பார்க்கிறோம். முதல் இமாரத் செவ்வையாக நடந்திருக்கிறது. இரண்டாவது எங்கே?

இக்கேள்விக்கு விடை காண, அரண்மனை எதனோடு சேர்ந்து வாழ்ந்தது என்று பார்க்கவேண்டும். அரண்மனையின் முகம் கடலைப் பார்த்ததாக இன்று நினைக்கிறோம். அதன் வாழ்வு மேற்கே, திருவல்லிக்கேணியில் இருந்தது. நவாபின் உறவினர், படையாள், கணக்கர், ஹகீம், கத்தாத் என்னும் எழுத்தணிக்கலைஞர், ஆலிம், கவிஞர் யாவரும் அங்குதான் குடியிருந்தனர். அங்கே 1795இல் எழுந்தது வாலாஜாப் பெரிய பள்ளிவாசல். மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லாலேயே கட்டப்பட்டது என்று அதனைப் புகழ்வார்கள். நம்மை அதனினும் ஈர்ப்பது அதன் மிஹ்ராபுக்கு மேலுள்ள காலக்குறிப்பு. இறைநினைவின் பெருமை கூறும் திருமறைத் தொடர் ஒன்றின் எழுத்துகளை அப்ஜத் கணக்கில் கூட்டினால் ஹிஜ்ரி 1209 வரும். பள்ளி கட்டிய ஆண்டு அது. மதரஸாவில் அப்ஜத் பயின்ற பிள்ளைகள் தாங்களே கூட்டிப் பார்க்கலாம். ‘திக்ர்’ என்பதற்கு 920, ‘அல்லாஹ்’ என்பதற்கு 66, ‘அக்பர்’ என்பதற்கு 223, கணக்குப் பிசகாது. இதை அமைத்தவர் ராஜா மக்கன் லால் என்னும் ஹிந்துப் புலவர். நவாபின் அவையில் பாரசீகப் புலமையால் உயர்ந்தவர். பள்ளிவாசலின் மிஹ்ராபுக்கு மேல் அவர் ஆக்கிய தொடரை இன்றும் வைத்திருக்கிறோம். சமய ஒற்றுமை பற்றி மேடைகளில் நிகழும் நீண்ட சொற்பொழிவுகளை விட, வெள்ளிக்கிழமை தோறும் அத்தொடரின் கீழ் நின்று தொழும் பழக்கமே நமக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்பள்ளியின் வளாகத்தில் அடங்கியிருப்பவர் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்) அவர்கள். இலக்னோவின் ஃபிரங்கி மஹல் குடும்பத்தவர். நம் மதரஸாக்களில் வழங்கும் நிஜாமியாப் பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களின் மைந்தர். வாலாஜா அவரை வருந்தி அழைத்து, மதரஸா அமைத்துக் கொடுத்துச் சென்னையில் இருத்தினார். 1810இல் அவர் மறைந்தார். உசூலுல் ஃபிக்ஹில் ‘முஸல்லமுஸ் ஸுபூத்’ நூலுக்கு அவர் எழுதிய ‘ஃபவாத்திஹுர் ரஹமூத்’ விரிவுரை, கெய்ரோவிலிருந்து தேவ்பந்து வரை ஓதப்படுவது. அதன் ஆசிரியர் திருவல்லிக்கேணியில் துயில்கிறார் என்பதை, வேலூர் பாக்கியாத்தில் ஓதிப் பட்டம் பெற்ற ஆலிம்களில் பலரும் அறிவார்கள். அவர்களிடம் ஓதும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்வார் குறைவு. பெரிய பள்ளிக்கு வருகிறவர்கள் காயிதே மில்லத் அவர்களின் அடக்கவிடத்தைத் தேடிக் கேட்டு, ஓதிவிட்டுப் போகிறார்கள். அது வேண்டியதே. பக்கத்தில் இருக்கும் கல்விக் கடலையும் கேட்டுப் போகலாகாதா?

கடைசி நவாபு குலாம் கவுஸ் கான் தாமே ‘அஃஸம்’ என்னும் புனைபெயரில் எழுதிய பாரசீகப் புலவர். கர்நாடகத்துக் கவிஞர்களின் வரலாற்றைச் ‘சுப்ஹே வதன்’, ‘குல்ஸாரே அஃஸம்’ என இரு தொகுப்புகளாக ஆக்கியவர். முஷாயிராக்கள் நடத்தியவர். அவர் காலத்தில், 1850இல், எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவரின் முயற்சியால் திருவல்லிக்கேணியில் முஹம்மதியப் பொது நூலகம் தோன்றியது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் முதற் பொறுப்பாளராக 1851இல் அமர்ந்த அதே பால்ஃபர்தான் இவர். கன்னிமாரா நூலகம் திறக்கப்பட்டது 1896இல் என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பொது மக்களுக்கான நூலகம் என்னும் எண்ணம் திருவல்லிக்கேணியில் எவ்வளவு முந்தியது என்பது விளங்கும். பழைய பேட்டை ஒன்றில் பொதுக் கலைக்கூடங்களை அமைத்து அதனைப் புதுப்பிப்பது பற்றி இன்று உலகெங்கும் பேசுகிறார்கள். திருவல்லிக்கேணிக்கு அது புதிய பாடமன்று.

1855இல் குலாம் கவுஸ் கான் ஆண்வாரிசின்றி மறைந்தார். நவாபுப் பட்டம் இல்லாதொழிந்தது என்று கும்பினி அறிவித்தது. 1859இல் அரண்மனை ஏலத்திற்கு வர, அரசாங்கமே அதை எடுத்துக்கொண்டது. அதன்பின் நடந்தவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. கலச மஹாலில் பொறியியற் கல்லூரி 1862 முதல் 1920 வரை இருந்து, பிறகு கிண்டிக்குப் போயிற்று. இரு மாளிகைகளுக்கும் இடையே ராபர்ட் சிஷோம் ஒரு கோபுரம் எழுப்பினார், அழகியதே. தோட்டத்தில் கிரிக்கெட் மைதானம் வந்தது. கடற்கரைப் பக்கம் அலுவலகக் கட்டிடங்கள் வரிசையாக எழுந்து அரண்மனையை மறைத்தன. மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும், அதன் தடத்தில் 1995 முதல் ஓடும் பறக்கும் ரயிலும் திருவல்லிக்கேணியைத் தனியே பிரித்துவிட்டன. இவற்றில் எதுவும் தீய எண்ணத்தோடு செய்யப்பட்டதன்று. ஆயினும் பலன் ஒன்றே. அரண்மனை வேறு, பேட்டை வேறு என ஆயிற்று. சட்டமன்றத் தொகுதியின் பெயரில் மட்டும் ‘சேப்பாக்கம்–திருவல்லிக்கேணி’ என்று இரண்டும் சேர்ந்து நிற்கின்றன.

2012 ஜனவரியில் கலச மஹால் தீப்பற்றியது. அணைக்கப் போன வீரர் ஒருவர் உயிரிழந்தார். அரசு அலுவலகங்களின் காகிதக் கட்டுகளும் மரத் தடுப்புகளும் நிறைந்திருந்த மாளிகை எரிந்து, சுவர் நின்றது. இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்து, நல்லவேளையாக அடங்கியது. செப்பனிட்டபின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இடம்பெற்றது. ஆளில்லாமற் கிடப்பதை விட நீதிமன்றம் நடப்பது நூறு பங்கு மேல். ஆனால் வழக்கு உள்ளவரும் வழக்கறிஞரும் நுழையுமிடம் அது. தன் பாட்டனார் இங்கே சம்பளம் வாங்கினார் என்று கேள்விப்பட்ட திருவல்லிக்கேணிச் சிறுவன் ஒருவன் எந்தக் காரணத்தைச் சொல்லி உள்ளே போவான்?

ஆகவேதான் ஹுமாயூன் மஹாலின் மீது நம் எதிர்பார்ப்பு அதிகம். அருங்காட்சியகம் என்றால் எவரும் போகலாம். அங்கே எதைக் காட்டப்போகிறார்கள் என்பதே கேள்வி. 1806 வேலூர்ப் புரட்சியும், வ.உ.சி.யின் கப்பலும், வேதாரணியத்து உப்பும் காட்டப்படட்டும், வேண்டியவையே. ஆனால் இந்தச் சுவர்களுக்கென்று சொந்தமாக ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் வேறெந்தக் கதையைச் சொன்னாலும், வீட்டுக்காரனை வெளியே நிறுத்திவிட்டு விருந்து நடத்துவது போலாகும்.

அந்தக் கதை நம்மவர்க்கு முழுதும் இனிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம். வாலாஜா விடுதலை வீரர் அல்லர். 1780 செப்டம்பரில் நம் காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியின் படையும் திப்புவும் கும்பினியின் பெய்லியை முறியடித்தபோது, நவாபு கும்பினியின் பக்கமே நின்றிருந்தார். நவாபு என்றதும் நம் பத்திரிகைகளில் சிலர் எழுதும் புகழுரைகளில் புள்ளலூர் வருவதில்லை, ஜாகீர் வருவதில்லை, கடன் வருவதில்லை. மறுபுறம் வேறு சிலர் அவரை வெறும் கைப்பாவை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டு, பஹ்ருல் உலூமையும் மக்கன் லாலையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டும் சோம்பேறித்தனமே. கடனால் நாடு போன விதத்தை விளக்க இந்தியாவில் சேப்பாக்கத்தைக் காட்டிலும் பொருத்தமான கூடம் கிடைப்பது அரிது. விடுதலை அருங்காட்சியகத்தின் முதல் அறையே அதுவாக இருக்கலாம். விடுதலை ஏன் தேவைப்பட்டது என்பதை அந்த அறை சொல்லும்.

இந்நேரத்தில் வேறொரு முணுமுணுப்பும் நம் செவியில் விழுகிறது. “அது உருது பேசுவோரின் சொத்து, தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு உமறுப்புலவரும் சதக்கத்துல்லாஹ் அப்பாவும் மாப்பிள்ளை லெப்பை ஆலிமும் போதாதா?” என்பார் உளர். போதும் என்று கல்வியில் யாரும் சொன்னதில்லை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வீட்டு அலமாரிகளில் உள்ள அரபுத்தமிழ்க் கிதாபுகளை எடுத்து முதல் ஏட்டைப் பாருங்கள். அவற்றுள் சிலவற்றில் மதராஸ், திருவல்லிக்கேணி என்ற முகவரி இருக்கும். தெற்கத்திய ஆலிம்களின் தமிழ் அங்கே அச்சேறியது. கர்நாடகத்தில் அரபியும் பாரசீகமும் வளர்ந்த வரலாற்றை ஆராய்ந்து பெருநூல் எழுதிய சென்னைப் பல்கலைக்கழகத்து அறிஞர் முஹம்மது யூசுப் கோகன் அவர்கள், 1710 முதல் 1960 வரையுள்ள தம் ஆய்வுக் காலத்தில் உருதுக்காரர், தமிழர் என்று வேலி போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பேட்டை நம் இருசாராருக்கும் பொது.

அரசால் இவ்வளவு செய்ய இயலுமா என்று ஐயுறுவோருக்குத் தில்லி நிஜாமுத்தீன் பேட்டையைச் சுட்டிக்காட்டுவோம். ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவுலியா (ரஹ்) அவர்களும், அமீர் குஸ்ருவும் அடங்கிய இடம். காலிபின் கல்லறையும் அருகிலேயே. எதிரே ஹுமாயூன் பாதுஷாவின் சமாதி. அங்கும் அரண்மனைபோல் ஒருபுறம் சுற்றுலாவினர் சீட்டு வாங்கிச் செல்லும் தோட்டமும், மறுபுறம் நெருக்கடியான சந்துகளும் இருந்தன. 2007இல் மத்திய தொல்லியல் துறை, மத்தியப் பொதுப்பணித் துறை, தில்லி மாநகராட்சி ஆகியவற்றோடு ஆகா கான் அறக்கட்டளையினர் உடன்பாடு செய்துகொண்டு இரண்டையும் ஒரே வேலையாக எடுத்துக்கொண்டனர். 2008இல் தர்காவின் பழைய படிக்கிணற்றில் ஒரு பகுதி சரிந்தபோது, அதைச் செப்பனிட்டதோடு அதன்மேல் குடியிருந்த குடும்பங்களுக்கும் மாற்றிடம் தேடினர். மாநகராட்சித் தொடக்கப்பள்ளியும் மருத்துவமனையும் சீர்பெற்றன. பேட்டைப் பெண்கள் தையலும் காகித வெட்டுவேலையும் பயின்று, கூடிச் சம்பாதிக்கிறார்கள். பேட்டைப் பிள்ளைகள் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றார்கள். 2021இல் யுனெஸ்கோ ஆசிய பசிபிக் விருதின் உயர்ந்த பரிசை அதற்கு அளித்தது. 2024 ஜூலையில்தான் ஹுமாயூன் சமாதியருகே அருங்காட்சியகம் திறந்தார்கள். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் முந்தின. காட்சிக்கூடம் பதினேழு ஆண்டு பிந்தியது. இந்த வரிசையைத்தான் நாம் கவனிக்கச் சொல்கிறோம். அங்கும் குறைகள் இல்லாமலில்லை. நெரிசலும் வாடகை உயர்வும் பற்றிப் பேட்டைவாசிகள் பேசிக்கொள்ளவே செய்வார்கள். ஆனால் பேசுவதற்கு அவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

நம் காஞ்சியைப் பற்றியும் ஒரு சொல். மத்திய அரசின் ‘ஹிருதய்’ திட்டத்தில் 2015இல் இந்தியாவெங்கும் தெரிந்தெடுத்த 12 நகரங்களுள் காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் தமிழகத்திலிருந்து இடம்பெற்றன. 2019 மார்ச்சோடு அத்திட்டம் முடிந்தது. மரபிடங்களின் சுற்றுப்புறத்தைச் சீர்செய்வதே அதன் நோக்கம். நாலாண்டில் சுற்றுப்புறம் சீர்படலாம். தறி ஓடும் வீடு தறி ஓடும் வீடாகவே நிலைக்குமா என்பதற்கு நாலாண்டு போதாது. வைகுந்தப் பெருமாள் கோயிலும் அதன் அருகிலுள்ள பள்ளிவாசலும் ஒரே குளத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஊர் இது. பட்டு நெய்பவர் ஒருவர், விற்பவர் ஒருவர், சாயம் தோய்ப்பவர் ஒருவர், சரிகை தருபவர் ஒருவர். இவர்கள் நான்கு பேரும் ஒரே சாமியைக் கும்பிடுபவர்களாக இருக்கவேண்டியதில்லை. இங்கே மாகறலில் திருமாகறலீசுவரர் கோயிலைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கோயிலைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தெருவை யாரும் நின்று பார்ப்பதில்லை. தெரு போனபின் கோயில் மட்டும் எதற்கு என்று ஊரார் கேட்டால் அவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

சேப்பாக்கத்திற்குத் திரும்புவோம். நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. ஹுமாயூன் மஹாலின் கூடங்களில் ஒன்றை அந்த அரண்மனையின் கல்விக்கென ஒதுக்கவேண்டும். பஹ்ருல் உலூமின் நூற்பதிப்புகள், அஃஸமின் இரு தொகுப்புகள், மக்கன் லாலின் காலக்குறிப்பின் படி, பர்னார்டின் ஜாகீர்க் கணக்கின் படி ஆகியன அங்கே இருக்கட்டும். மாலை வேளைகளில் அரபுத்தமிழ் எழுத்தையும் பாரசீகக் கையெழுத்தையும் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பொன்று நடக்கட்டும். பல்கலைக்கழகத்தின் அரபு, பாரசீக, உருதுத் துறை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, ஆசிரியருக்குப் பஞ்சமில்லை. மாணவருக்கு அண்ணா சாலையில் மதரஸா-ஏ-ஆஸம் பள்ளிக்கூடம் இருக்கிறது. நவாபுகள் தொடங்கிய பள்ளி அது. மேற்குப் பக்கம், கால்வாயைத் தாண்டி நடந்து வருகிறவர்களுக்கென ஒரு வாசல் வேண்டும். கடற்கரைச் சாலை வாசல் காரில் வருகிறவர்களுக்குப் போதும். அசர் தொழுதுவிட்டுப் பெரிய பள்ளியிலிருந்து புறப்படுகிறவர் மஃரிபுக்குள் அரண்மனையைப் பார்த்துத் திரும்பக்கூடிய தொலைவுதான்.

அரசைக் கேட்பதோடு நிற்பதும் முறையன்று. 1850இல் பிறந்த நூலகம் நம் சமுதாயத்தின் பெயரைத் தாங்கியது. அதற்கு ஆண்டுக்கு ஒரு நூல் வாங்கிக் கொடுத்த குடும்பம் நம்மில் எத்தனை? நிக்காஹ் மண்டபத்துக்கு ஒரே நாள் அலங்காரத்திற்கு ஆகும் செலவை இங்கே எழுதிக் காட்டினால் அடுத்த மாதம் சந்தா குறையும் என்று ஆசிரியர் அஞ்சுவார்; விட்டுவிடுகிறோம்.

அருங்காட்சியகத்துக்குப் பொருள் தரச் சொல்லி அரசு கேட்டபோது, நம் வீடுகளில் வாளும் தலைப்பாகையும் இல்லையே என்று பலர் சும்மா இருந்திருப்பார்கள். பாட்டியார் ஓதிய கிதாபு இருக்கிறதா? மூத்தாப்பாவின் கைப்பட எழுதிய கணக்கேடு இருக்கிறதா? அசலைக் கொடுக்க மனமில்லையேல் படமெடுத்துக் கொடுக்கலாம். கரையான் அரித்த ஏடுகளை ஆற்றில் விடும் முன், எழுத்தறிந்த ஆலிம் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். முக்கியமாக முதல் ஏட்டைக் கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தத் தெருவில், எந்த அச்சகத்தில், ஹிஜ்ரி எத்தனையில் அச்சானது என்பது அந்த ஓர் ஏட்டில்தான் இருக்கும்.